நான்காம் கூடத்தின் தரை இணை

செந்தேரி வான்பயண அருங்காட்சியகத்தின் பொருட்பதிவேட்டில் பதினேழாவது பதிவு கஸ்பார் மச்சாது. பதினாறாவது, ஒரு வானிலை ராக்கெட்டின் மூக்குக் கூம்பு. பதினெட்டாவது, உலகப்போர்க் காலத்து ஓடுபாதையிலிருந்து பெயர்த்தெடுத்த கல். இரண்டுக்கும் நடுவே ஓர் ஆளின் பெயரை எழுத நேர்ந்ததில் பதிவேட்டுக்காரருக்குச் சங்கடம் இருந்திருக்க வேண்டும். 'நிலை' என்ற கட்டத்தில் மற்றவற்றுக்கெல்லாம் 'நன்று' என்றோ 'சிதைவு' என்றோ எழுதியவர், கஸ்பாருக்கு நேரே மட்டும் 'உறக்கம்' என்று எழுதியிருந்தார்.

நான்காம் கூடத்தின் வழிகாட்டி செலஸ்தினா, கஸ்பாரின் மனைவி. கஸ்பார் உறங்கத் தொடங்கிய ஆறாம் ஆண்டில், இங்கிருந்த ஏவுமையம் வேறு மாநிலத்துக்கு இடம்பெயர்ந்து, கட்டடம் அருங்காட்சியகமாக மாறியபோது, அவளுக்கு என்ன செய்வது என்று தெரியாத அதிகாரிகள் ஒரு வேலையைக் கொடுத்தார்கள். அதற்கு இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. காலை பதினொரு மணி, பகல் ஒரு மணி, பிற்பகல் மூன்று மணி என நாளுக்கு மூன்று முறை, ஒரே செய்தியை ஒரே வரிசையில் அவள் சொல்கிறாள். முதல் ஆண்டில் குரல் தடுமாறியது. இப்போது தடுமாறுவதில்லை, தடுமாறுவதற்கு அதில் ஒன்றும் மீதி இல்லை.

அன்று ஒரு மணிக்கு நாகர்கோவிலிலிருந்து வந்த ஒரு பெருங்குடும்பம். தேரிக்காட்டுச் செம்மணலில் கிடக்கும் பழைய ஓடுபாதை, பறக்கும் கழகத்தின் ஈரிருக்கை விமானம், ராக்கெட் வரிசை என மூன்று கூடங்களையும் சுற்றிவிட்டு, நான்காவதின் குளிருக்காகவே உள்ளே வந்திருந்தார்கள். பருத்த மனிதர் ஒருவர் கண்ணாடியைத் தட்டுவதற்கு விரலை நீட்டினார்.

"பொம்மையாம்மா?"

"தட்டாதிய. ஆளு."

"உசுரோடயா?"

"உசுரோடதான். நிமிசத்துக்கு ஆறு துடிப்பு."

"எங்க ஆபீஸ்லயும் ஒருத்தர் இப்பிடித்தான் உக்காந்திருக்காரு. அவருக்கு ஆறுகூட இருக்காது."

எல்லாரும் சிரித்தார்கள். செலஸ்தினா சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தாள். அதற்கென அவளிடம் ஓர் அளவு இருந்தது. பிறகு தொடங்கினாள்.

"ரொம்ப தூரப் பயணத்துக்கு ஆள தூங்க வச்சுத்தான் அனுப்பணும். முழிச்சிருந்தா சோறு, தண்ணி, காத்து எதுவும் காணாது. ஒருத்தர் மேல போனா, இன்னொருத்தர் கீழ. அதே மாதிரி அறை, அதே மருந்து, அதே குளிரு. எந்த மருந்தையும் கீழ உள்ளவருக்குத்தான் மொதல்ல குடுப்பாவ. ஆறு மணி நேரம் பாத்து, ஒண்ணும் ஆகலன்னாத்தான் மேல கட்டளை போவும். கீழ உள்ளவருக்குத் தரை இணைன்னு பேரு."

"மேல போனவரு?" என்று கேட்டார் பருத்தவரின் மனைவி.

"ஈசுவரமூர்த்தி. விமானப்படையில இருந்தவரு. மூணாவது வருசம் கப்பல்ல இருந்து தகவல் நின்னுட்டு."

"அப்ப இவர எழுப்பிர வேண்டியதுதானே?"

"பயணம் முடிஞ்சாத்தான் இணைய எழுப்பலாம்னு விதி. பயணம் முடிஞ்சுதுன்னு இன்னும் யாரும் சொல்லல."

"இவருக்குச் சொந்தக்காரங்க உண்டா?"

"உண்டு" என்றாள் செலஸ்தினா. அதற்குமேல் சொல்வது அவளுடைய உரையில் இல்லை.

கண்ணாடிக்கு இருபுறமும் இரண்டு பலகைகள். 'தரையில்' என்ற பலகையில் கஸ்பாரின் துடிப்பும் வெப்பமும் மின்னெழுத்தில் ஓடும். 'விண்ணில்' என்பது கரும்பலகை. கப்பல் பேசிக்கொண்டிருந்த காலத்தில் அதிலிருந்து வந்த எண்களைக் காலைதோறும் சுண்ணக்கட்டியால் எழுதினார்கள். கப்பல் மௌனமான பிறகு, தகவல் வரும் வரை இணையின் எண்களையே கொள்க என்றது விதி. ஆகவே செலஸ்தினா ஒவ்வொரு காலையும் தன் கணவனின் எண்களைப் பார்த்து, இன்னொருத்தியின் கணவனுக்கு எழுதினாள். தொடக்கத்தில் அடியில் 'மதிப்பீடு' என்று ஒரு சொல் இருந்தது. பலகைக்குப் புதுவண்ணம் பூசியவர் அதைத் திரும்ப எழுதாமல் விட்டுவிட்டார். செலஸ்தினா கவனித்தாள், சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் தமயந்தி. ஈசுவரமூர்த்தியின் மனைவி. ஒவ்வோர் ஆண்டும் அவருடைய பிறந்தநாளன்று பல்லடத்திலிருந்து காரில் வருவாள். இரண்டாவது பலகையின் எண்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வாள். பின்பு கண்ணாடிக்கு முன் நின்று, கஸ்பாரின் முகத்தைப் பார்த்துத் தன் கணவனிடம் பேசுவாள். அந்த அரை மணி நேரம் செலஸ்தினா கூடத்தை மூடிவிட்டு வெளியே நிற்பாள்.

பயணம் முடிந்ததாக அறிவிக்கத் தமயந்தியின் ஒப்புதல் வேண்டும். அமைச்சகம் மூன்று முறை கடிதம் எழுதியது, பதில் இல்லை. செலஸ்தினா ஒருமுறையும் கேட்டதில்லை. உங்கள் கணவர் இறந்துவிட்டார் என்று கையெழுத்திட்டால் என் கணவர் எழுந்துவிடுவார் என்பதைப் பண்போடு கேட்கும் முறை எதுவும் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

நாகர்கோவில் குடும்பம் போன பிறகு, பராமரிப்புப் பொறியாளன் சிவனணைந்தான் கைகளைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"மைனி, பம்பு வளையம் தேஞ்சு போச்சு. செஞ்ச கம்பெனி இழுத்து மூடிப் பத்து வருசமாச்சு. நான் கடைஞ்சு போட்டது ரெண்டு தடவ தாங்கிச்சு. மூணாவது தாங்காது."

"எத்தன நாளு?"

"எட்டு வாரம். அதுவும் கூட்டித்தான் சொல்லுதேன்."

"நின்னுட்டா?"

"குளிரு போயிரும். மருந்து எறங்காம ஒடம்பு சூடானா..." அவன் மறுபடியும் கைகளைத் துடைத்தான். "அந்த அம்மா எப்ப வாராவ?"

"வார வெள்ளி."

"இந்தத் தடவ கேட்டிருங்க மைனி. எனக்காவ கேளுங்க. நான் சாவடிச்சேன்னு இருக்கக் கூடாது."

"செரி" என்று சொல்லிவிட்டு, மூன்று மணிக் கூட்டத்துக்கான சீட்டுகளை எண்ணப் போனாள்.

வெள்ளியன்று தமயந்தி வந்தாள். ஐம்பத்தேழு வயது. நெற்றியில் குங்குமம் சிறிதும் கலையாமல் இருந்தது. எண்களை எழுதிக்கொண்டு திரும்பியவள், செலஸ்தினா வெளியே போகாமல் நிற்பதைக் கண்டாள்.

"என்ன அம்மிணி, இன்னிக்கு நிக்கற?"

"அக்கா, அந்தப் பலகையில உள்ள எண்ண நான்தான் எழுதுதேன். இவரப் பாத்து எழுதுதேன்."

"தெரியும் கண்ணு. சாக்பீசு எழுத்து மேல இருந்தா வரும்? மதிப்பீடுன்னு ஒரு வார்த்தை கெடந்துச்சு. பெயிண்டு அடிச்சப்ப உட்டுட்டாங்க. நீ சொல்லிப்போடுவியோன்னு பயந்தேன். சொல்லல. உனக்கு ஒரு கும்புடு போடோணும்னு வருசா வருசம் நெனச்சுக்குவேன்."

செலஸ்தினா பம்பைப் பற்றிச் சொன்னாள். வளையம், கம்பெனி, எட்டு வாரம் என்று வரிசை பிசகாமல் சொன்னாள். தமயந்தி குறிப்பேட்டைப் பைக்குள் வைத்தாள், பிறகு எடுத்தாள், மறுபடியும் வைத்தாள்.

"அந்தக் கடுதாசி மூணும் பீரோவுல இருக்குது. உம்மேல கோவம்னு நெனச்சுக்காத."

"இல்லக்கா."

"கையெழுத்துப் போட்டா நானே அவரக் கொன்னாப்பல."

"ஆமா" என்றாள் செலஸ்தினா. இல்லை என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யாக இருந்திருக்கும், அது பொய் என்று இருவருக்கும் தெரிந்தும் இருக்கும்.

தமயந்தி கண்ணாடிக்குள் இருந்த கஸ்பாரின் பக்கம் திரும்பினாள். "போடறேன். ஆனா இவரு எந்திரிச்சதும் நான் ஒரு கேள்வி கேக்கோணும். தூக்கத்துல என்ன தெரிஞ்சுதுன்னு. வலிச்சுதா, குளுந்துச்சா, ஒண்ணுமே தெரியலயா. எங்க ஊட்டுக்காரருக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்றதுக்கு ஒலகத்துலயே இந்த ஒரு ஆளுதான்."

அலுவலகத்தில் கையெழுத்திட்டாள். ஈசுவரமூர்த்தி அன்று பன்னிரண்டரை மணிக்கு அரசுக் கோப்பில் இறந்தார். மூன்று மணிக் கூட்டத்துக்கு முன்பு செலஸ்தினா கரும்பலகையைத் துடைத்தாள்.

எழுப்புவதற்குப் புதிய ஏவுமையத்திலிருந்து டாக்டர் அஸ்மத் வந்தார். நாற்பது வயதுப் பெண்; குறைவாகப் பேசுபவர். முதல் நாளே செலஸ்தினாவை உட்காரவைத்துச் சொன்னார்.

"இதுவரைக்கும் நீண்ட தூக்கத்துல இருந்து யாரையும் எழுப்பினதில்லைம்மா. குரங்குகள எழுப்பியிருக்கோம். அதுங்க ஒண்ணும் சொல்லலை. இப்ப எங்க மையத்துல அறுபத்து நாலு பேர் இதே மருந்துல படுத்திருக்காங்க. இன்னும் முப்பது வருஷம். ஒண்ணும் தெரியாதுன்னு நம்பித்தான் படுத்தாங்க. அதனால உங்க வீட்டுக்காரர் சொல்லப்போறது எங்களுக்கு ரொம்ப முக்கியம்." அவர் கையில் ஒரு படிவம் இருந்தது. அதன் ஒன்பதாவது கேள்வி: உறக்கத்தின்போது உணர்வு இருந்ததா?

பதினாறு நாள் மெதுவாகச் சூடேற்றினார்கள். பதினேழாம் நாள் கஸ்பார் கண் திறந்தான். படுக்கும்போது இருபத்தேழு வயது. ஏழில் ஒரு பங்கு வேகத்தில் மூத்த உடலுக்கு இப்போது முப்பத்தொன்றுகூட நிறையவில்லை. செலஸ்தினாவுக்கு நாற்பத்தொன்பது. புதிதாக வந்த செவிலி அவளைத் தாய் என்று நினைத்து, "மகன் முழிச்சிட்டாரும்மா" என்றாள். செலஸ்தினா திருத்தவில்லை.

அவன் உடனே அடையாளம் கண்டுகொண்டான்.

"செலஸ்தி. வெயிட்டு போட்டுட்ட."

"நீங்க எளச்சிட்டிய."

அவள் கஞ்சி ஊட்டினாள். அவன் குடித்தான். இருபத்தாறு ஆண்டுகள் காத்திருந்தது இதற்குத்தானா என்ற எண்ணம் வரும் என்று எதிர்பார்த்தாள், அதுவும் வரவில்லை. கரண்டியை மட்டும் பார்த்துக்கொண்டாள், சிந்தாமல். அவனோ கதவைச் சாத்த விடவில்லை. விளக்கை அணைக்கவும் விடவில்லை. நீண்ட படுக்கைக்குப் பின் அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் எழுதிக்கொண்டார்.

நான்கு நாள் கழித்துத் தமயந்தி வந்தாள். அவள் கையெழுத்தால்தான் எழுந்தான் என்று கஸ்பாருக்குச் செலஸ்தினா முன்பே சொல்லியிருந்தாள். கட்டிலுக்கு அருகே நாற்காலியை இழுத்துப் போட்டாள். டாக்டர் படிவத்தோடு மறுபக்கம் நின்றார். இத்தனை ஆண்டு கண்ணாடி வழியாகப் பேசியவள், நாற்காலியை இன்னும் ஒருமுறை நகர்த்திப் போட்டாள். கடைசியில் கேட்டாள்.

"தம்பி, கண்ண மூடிப் படுத்திருந்தீங்களே. உள்ளார ஏதாச்சும் தெரிஞ்சுதுங்களா?"

கஸ்பார் அவளைப் பார்த்தான். அவளுடைய குங்குமமற்ற நெற்றியைப் பார்த்தான். உடனே சொன்னான்.

"ஒண்ணுமே தெரியலக்கா. கண்ண மூடுனேன், தொறந்தேன். அவ்வளவுதான்."

"வலி?"

"இல்ல."

"குளுரு?"

"எதுவும் இல்லக்கா. சத்தியமா."

தமயந்தி தலையசைத்தாள். மடியில் கோத்திருந்த கைகள் முதல்முறையாக அவிழ்ந்தன. "போதுஞ் சாமி" என்று எழுந்தாள். டாக்டர் ஒன்பதாவது கேள்விக்கு நேரே 'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டார். இருவரும் சிற்றுண்டிச்சாலைப் பக்கம் போனார்கள். காரோட்டி சாப்பிட்டு வரும் வரை அங்கே இருப்பதாகத் தமயந்தி சொன்னாள்.

காலடிகள் ஓய்ந்த பிறகு கஸ்பார் சொன்னான்.

"பொய் சொல்லிட்டேன் செலஸ்தி."

"எது?"

"எல்லாமே. உள்ள முழிச்சிட்டுத்தான் கெடந்தேன். கண்ணு தொறக்காது, வெரலு அசையாது, ஆனா நான் இருந்தேன். சத்தம் எல்லாம் மொதல்ல குருவி கத்துன மாதிரி கீச்சு கீச்சுன்னு ஓடும். ஒலகம் அவ்வளவு வேகம், நான் அவ்வளவு மெதுவு. ஒரு எழவும் புரியாது. பொறவு ஒரே கீச்சு திரும்பத் திரும்ப வர ஆரம்பிச்சுச்சு. அத மட்டும் புடிச்சிக்கிட்டேன். கொஞ்சம் கொஞ்சமாப் பிரிச்சேன். ஒன் சத்தம்னு தெரியவே எவ்வளவு காலமாச்சோ."

செலஸ்தினா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். "குளிரு?" என்று கேட்டாள். படிவத்தில் அதுதான் அடுத்த கேள்வி.

"குளிருக்குப் பழகிரலாம்." அவன் விளக்கைப் பார்த்தபடி சொன்னான். "ஒன் சத்தம் வர்றதுக்கு முன்னால கொஞ்ச காலம் நான் யாருன்னே எனக்குப் பிடிகிடைக்கல. பேரு மறந்துட்டு. அம்மா பேரு மறந்துட்டு. பொறவு ஒன் பேச்ச வச்சுத்தான் ஒவ்வொண்ணா திரும்பச் சேத்தேன். மேல அந்த மனுசனுக்கு யாரு பேசியிருப்பா, சொல்லு? அந்த அக்காட்ட இத எப்படிச் சொல்ல? கையெழுத்துப் போட்டு என்ன எழுப்புனவ."

"புது மையத்துல அறுபத்து நாலு பேரு படுத்திருக்காவ" என்றாள் செலஸ்தினா.

அவனுக்கு அது தெரியாது. யாரும் சொல்லியிருக்கவில்லை. கண்களை மூடினான், மூடியவுடனே பதறித் திறந்தான்.

"என்னால முடியாது. நீ போய்ச் சொல்லு."

அவள் எழுந்து நடந்தாள். டாக்டரைத் தனியே அழைத்துச் சொல்லிவிடலாம் என்று தாழ்வாரத்தின் பாதி வரை எண்ணினாள். ஆனால் அந்த விடை அறுபத்து நான்கு குடும்பங்களுக்குப் போகும். அங்கிருந்து பல்லடம் வந்து சேர ஒரு வாரம்கூட ஆகாது. அப்போது தமயந்தி அதை யாரோ ஒருவர் வாயால் கேட்பாள், வீட்டில் ஒருத்தியாக இருக்கும்போது.

சிற்றுண்டிச்சாலையில் தமயந்தி இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதிரே டாக்டர் படிவத்தின் கடைசிப் பக்கத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"வா அம்மிணி, உக்காரு. இன்னிக்குத்தான் நல்லாப் பசிக்குது. எத்தன வருசத்துக்கு அப்பறம்."

செலஸ்தினா உட்கார்ந்தாள். தமயந்தி தட்டில் இருந்ததை முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். அவளால் செய்ய முடிந்தது அவ்வளவே. பின்பு சொன்னாள். கூட்டத்துக்குச் சொல்லும் அதே குரலில், எதையும் கூட்டாமல், எதையும் விடாமல், குருவிக் கீச்சையும், பெயர் மறந்ததையும், திரும்பச் சேர்த்ததையும் சொன்னாள். கஸ்பார் ஏன் பொய் சொன்னான் என்பதையும் சொன்னாள்.

டாக்டரின் பேனா நின்றது. தமயந்தி கையைக் கழுவவில்லை. விரல்களில் சட்னி காய்ந்துகொண்டிருந்தது.

"டாக்டரம்மா, எங்க ஊட்டுக்காரரு பெட்டியில கரண்டு எத்தன வருசத்துக்குன்னு சொன்னாங்க?"

"ஒன்பது" என்றார் டாக்டர். பிறகு அவசரமாக, "ஆனா அவருக்கு அது ஏழுல ஒரு பங்குதாம்மா. ஒண்ணேகால் வருஷம் மாதிரித்தான் இருந்திருக்கும்."

"ஒண்ணேகால் வருசம்." தமயந்தி அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "சத்தமே இல்லாம."

டாக்டர் ஒன்பதாவது கேள்விக்கு வந்து, குறியை அடிப்பதற்குப் பேனாவைக் கொண்டுபோனார்.

"அடிச்சு எழுதாதீங்க" என்றாள் தமயந்தி. "பாக்கறவங்களுக்குச் சந்தேகம் வரும். புதுத் தாளு எடுத்து எழுதுங்க. சாட்சி நான் போடறேன்."

டாக்டர் புதுப் படிவத்தை எடுத்து வைத்துவிட்டு, தொலைபேசியில் மையத்தை அழைத்தார். எழுப்ப ஆணை வாங்குவதற்கே நான்கைந்து மாதம் பிடிக்கும், அதுவரை இன்று மாலையிலிருந்தே ஒவ்வொருவர் அறையிலும் யாராவது பேச வேண்டும் என்றார். மறுமுனையில் இருந்தவருக்கு அது விளங்கவில்லை. மூன்று முறை சொன்னார். பிறகு தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார்.

"என்ன பேசணும்னு கேக்குறாங்க."

செலஸ்தினா வாய் திறந்தாள். அதற்குள் தமயந்தி சொன்னாள்.

"எதா இருந்தாலுஞ் சரிங்க. ஒரே ஆளு பேசோணும். தெனமும் அதையே பேசோணும். அத மட்டும் மறக்காமச் சொல்லுங்க."